முக்கால் சாமான்கள்

அந்தப் பையைக் கசக்கிச் சுருட்டி வைக்காதீர்கள் அண்ணி, இப்படிக் கொடுங்கள். நீளவாக்கில் மடித்து, ஒரு முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் திருப்பிக்கொண்டே வந்து, கடைசி நுனியை உள்ளே செருகிவிட்டால் எவ்வளவு பெரிய பையும் ஒரு பிஸ்கட் அளவுக்கு அடங்கிவிடும். நீங்கள் புறப்படும்போது பிரித்துத் தருகிறேன். டீயைக் குடியுங்கள். நன்றாகக் கலக்கிவிட்டுக் குடியுங்கள், சர்க்கரை அடியில் தங்கினால் கழுவும்போது வீணாகப் போகும்.

நீங்கள் இந்த வீட்டில் பிறந்தவர். என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் மூத்தவர். அதனால்தான் கொழுந்தனாரின் பெண்டாட்டி, என் ஓரகத்தி, இங்கே விட்டுப்போன சாமான்களை வாங்கிவர உங்களை அனுப்பியிருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டீர்கள். "கூடப் பொறந்தவங்க மாதிரி இருந்தீங்களே ரெண்டு பேரும். அப்படி என்னதான் ஆச்சு?" அவள் உங்களிடம் சொல்லவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறார். என் வீட்டுக்காரர், சம்பாதிக்கிற பெண்ணுக்குக் கூட்டுக்குடும்பம் கசக்கத்தானே செய்யும் என்கிறார். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் பழியும் ஒரு சாமான் மாதிரிதான் அண்ணி. அதற்குரிய இடத்தில் இல்லாமல் வேறு யார் தலையிலோ கிடந்தால் எனக்குக் கை நிற்காது. எடுத்து இடத்தில் வைத்துவிடுகிறேன்.

அவள் கல்யாணமாகி வந்தபோது எப்படி இருந்தாள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற ரகம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வந்தால் பை ஓர் அறையில், செருப்பு ஓர் அறையில், காதுக் கம்மல் சோப்புப் பெட்டியில். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் கம்மலைத் தேடும்போது எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓர் ஆணியைக் காட்டி, "இனிமே இது உன் கம்மலோட வீடு" என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள். மறுநாளிலிருந்து கம்மல் வீட்டுக்குப் போனது.

அவளுக்கு மூளை கற்பூரம். வீட்டில் எண்ணெய், தேன், பாத்திரம் கழுவும் சோப்பு, மருந்து எந்தப் புட்டியானாலும் அதன் மட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவைப்பேன். ஊற்றியவர் ஊற்றிய கையோடு ரப்பர் பேண்டைப் புது மட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும். எதில் எவ்வளவு ஓடுகிறது என்று நடக்கிறபோதே தெரிந்துவிடும். மாமனாருக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. என் வீட்டுக்காரர் ரப்பர் பேண்டைக் கழற்றி வேறு எதற்கோ கட்டுவார். என் மகன்கள் அதைக் கவண் செய்து பல்லி அடித்தார்கள். அவள் ஒருத்திதான் ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் பற்பசை தீர்ந்தது. நான் வழக்கம்போல டியூபின் கழுத்தைக் குறுக்கே வெட்டி உள்ளே விரலை விட்டேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, நீளவாக்கில் வெட்டிப் புத்தகம் மாதிரி விரித்துக் காட்டினாள். இருவர் பல் தேய்க்கும் அளவுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அதைத் தூக்கி எறிந்திருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கு அப்புறம் அவள் ஷிப்டுக்குப் போகாத நாட்களில் மாடியில் இருவரும் துணி மடிப்போம். பெரிய போர்வையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பேசாமலேயே, ஒரே நேரத்தில் நடந்து வந்து சேர்வோம். இந்த வீட்டில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், போர்வையின் மறுமுனையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

அப்படி ஒரு மாலையில்தான் சொன்னாள்.

"அக்கா, நாங்க தனியா ஒரு வீடு பாக்கலாம்னு இருக்கோம். பாப்பா வளந்துட்டா, ஒரே ரூம்ல மூணு பேரு படுக்க முடியல. அப்புறம், எனக்குன்னு ஒரு சமையக்கட்டு இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு ஆசை."

ஆசையில் தப்பில்லை என்றேன். அன்று மடித்த போர்வை கோணலாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தோம்.

நான் யோசித்தது செலவைத்தான் அண்ணி, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு குடும்பம் இரண்டாகப் போனால் செலவு பாதியாகாது. இரண்டு அடுப்பு, இரண்டு துடைப்பம், இரண்டு உப்பு ஜாடி. அரிசி மூட்டையாக வாங்கினால் ஒரு விலை, கிலோக் கணக்கில் வாங்கினால் ஒரு விலை. அங்கே ஒரு விளக்கு எரியும், இங்கே அதே நேரத்தில் ஒரு விளக்கு எரியும். இரண்டு பக்கமும் நஷ்டம். இதை யாராவது ஒருவர் தடுத்தாக வேண்டும், வீட்டில் நிர்வாகம் தெரிந்தவள் நான்தான்.

முதலில் ஒரு மாடி வீடு அமைந்தது. அந்த வீட்டின் சொந்தக்காரர், எப்படிப்பட்ட குடும்பம் என்று விசாரிக்க இங்கே நேரில் வந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். உட்காரவைத்து டீ கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. என் கொழுந்தன் தங்கமான மனுஷன், பஸ் டிரைவர், விடியும் முன்னே பூட்ஸ் போட்டுக்கொண்டு படியிறங்குவார். அவர் பெண்டாட்டி தங்கமான பெண், நர்ஸ், எந்த நேரத்தில் கேட்டைத் திறந்து வருவாள் என்று சொல்ல முடியாது. பெண்குழந்தை தங்கம், கயிறு தாண்டுவதில் பரிசு வாங்கியவள், வீட்டுக்குள்ளேயே பழகுவாள். இத்தனையும் உண்மை. கடைசியாக, தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகச் செலவழிப்பார்கள் என்று மட்டும் நானாகச் சேர்த்தேன். என் கையில் பழகிய பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. இன்றுவரை அந்த ஒரு வார்த்தைக்காக வருத்தப்படுகிறேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மீதியைச் செடிக்கு ஊற்றினேன்.

அடுத்தது தரைத்தள வீடு. அதைப் பார்க்க என்னையே கூட்டிப்போனாள். "அக்கா, நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாத்தான் எனக்குத் தைரியம்." நல்ல வீடு. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது, பகலில் விளக்கே போட வேண்டாம். அலமாரிகள் நான் கனவில் கட்டுகிற மாதிரி இருந்தன. அவள் ஒவ்வொரு தட்டாகக் கையை வைத்து, இங்கே பருப்பு, இங்கே டப்பாக்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். என் கையில் குடிதண்ணீர் புட்டி இருந்தது. அவளும் வீட்டைக் காட்ட வந்தவரும் பின்கட்டுக்குப் போனபோது அலமாரிக்குப் பின்னால் சுவரில் நிதானமாக ஊற்றினேன். திரும்பி வந்ததும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஐயையோ, ஈரம் ஊறுதேக்கா."

"மழைக்காலத்துல டப்பா எல்லாம் பூத்துடும்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வராமல் இருந்திருந்தால் நாங்கள் ஏமாந்திருப்போம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வீணாக்கினேன் என்று நினைக்காதீர்கள், அது முந்தின நாள் பிடித்த தண்ணீர்.

மூன்றாவது வீட்டைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவில்லை.

சந்தேகப்பட்டு மறைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் திடீரென்று சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்கிறாள். பாப்பாதான் உளறினாள். "பெரியம்மா, புது வீட்டுல எனக்குத் தனி ரூம். நீங்க வந்தா என் பக்கத்துல படுத்துக்கலாம்." கேட்டுக் கேட்டு முழுவதையும் வாங்கினேன். ஒரு நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு. பள்ளியில் பாப்பாவுக்கு இடம் கிடைத்தால் அந்த வீடு, கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே என்று பேசிவைத்திருந்தார்கள். பள்ளியில் குழந்தைகளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு காலை. அந்தக் காலை அந்த வாரமே வந்தது.

பாப்பாவுக்குக் காலையில் பால் கொடுப்பது எப்போதும் நான்தான். அவள் அம்மா ஷிப்ட் முடிந்து வந்து குளித்துக்கொண்டிருப்பாள். மருந்துப் பெட்டியில் மாமனாருக்கு மலச்சிக்கலுக்கு வாங்கிய புட்டி பாதிக்கு மேல் இருந்தது. டாக்டர் அவருக்கு மாத்திரை மாற்றியபின் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தல். அரை மூடி போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அரை மூடி ஊற்றினால் அதில் கொஞ்சம் மூடியின் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் முழு மூடியாக ஊற்றி, பால் விட்டு மூடியை அலசி அதையும் டம்ளரிலேயே சேர்த்தேன்.

பாப்பா மேலுதட்டில் பால் மீசையோடு நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்குப் பால் ரொம்ப இனிப்பா இருக்கு பெரியம்மா" என்றாள். புது ரிப்பன் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டிய பாட்டை எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டினாள். நன்றாகவே சொன்னாள், இடம் நிச்சயம் கிடைத்திருக்கும்.

பள்ளி வாசலுக்குப் போவதற்குள் ஆட்டோவைத் திருப்ப வேண்டியதாகிவிட்டது.

இங்கே நான் தயாராக இருந்தேன். வாளி, பழைய வேட்டியைக் கிழித்து மடித்துவைத்த துணிகள், மாற்று உடை, உப்பும் சர்க்கரையும் கலந்து ஆறவைத்த தண்ணீர், எல்லாவற்றையும் காலையிலேயே எடுத்துவைத்திருந்தேன். மாமியார் வாய்விட்டுப் பாராட்டினார். என் வீட்டுக்காரர்கூட, "இவ இல்லேன்னா இந்த வீடு ஓடாது" என்றார். ஓரகத்திக்குக் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் நூறு குழந்தைகளைப் பார்த்தவள், தன் பிள்ளை என்றதும் தடுமாறிவிட்டாள். என் தோளில் சாய்ந்து, "அக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மறைப்பானேன் அண்ணி, அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மத்தியானம் வரை வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பாப்பாவின் கண் உள்ளே போய்விட்டது, கூப்பிட்டால் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை, கையை மாற்றி மாற்றிக் குத்தினார்கள், அவள் அழக்கூட இல்லை. என் அளவு தப்பிவிட்டதோ என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன். பயந்தேன், மிகவும் பயந்தேன். சாயங்காலம் கண் திறந்து, பசிக்கிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது. காலியான டிரிப்ஸ் பாட்டிலைக் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் ஓட்டை போட்டுத் தொட்டியில் கவிழ்த்துவைத்தால் செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். அதோ, ஜன்னல் ஓரத்தில் இருப்பது அதுதான்.

பள்ளிக்கூடக் காலை போய்விட்டது. வீடும் கை நழுவியது. இன்னும் ஒரு வருஷம் இங்கேதான் என்று கொழுந்தனார் சொல்லிவிட்டார். அவள் மறுபடி என்னோடு போர்வை மடித்தாள். எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது.

நீங்கள் கேட்கலாம், அந்தப் புட்டியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதானே என்று. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். காலாவதி ஆகாத மருந்தை எப்படிப் போடுவது? தண்ணீர் ஊற்றிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம், நல்ல மருந்து கெட்டுவிடும். நான் மூடியைக் கழுவிக் காயவைத்து மூடி, பெட்டியில் வயிற்று மருந்துகளின் வரிசையில், அதன் இடத்தில் வைத்தேன். ஊற்றிய கையோடு ரப்பர் பேண்டையும் இறக்கியிருந்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது.

பாப்பாவுக்கு உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் அவள் தலைவலி மாத்திரை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். புட்டியை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு இதை நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு. கடைசியா ஊத்தினது நான்தான். லேபிள்ல இந்தப் படத்துக்கு நேரா ரப்பர் பேண்ட் போட்டேன்."

"ஆமா."

"இப்ப கீழ இருக்கே."

மாமனார் எடுத்துக் குடித்திருப்பார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் குடித்திருந்தால் மருந்து இறங்கியிருக்கும், ரப்பர் பேண்ட் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். இந்த வீட்டில் ஊற்றிய கையோடு அதை இறக்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அவளிடம்போய்ப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு."

அவள் புட்டியை மேசைமேல் வைத்தாள். விளிம்பில் வைத்ததில் அது சாய்ந்தது, நான்தான் பிடித்துக்கொண்டேன். கொட்டினால் பிசுபிசுவென்று ஒட்டும்.

"உங்க கையால பால் குடுங்கன்னு உங்ககிட்ட விட்டேனேக்கா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரிசி மூட்டைக் கணக்கை விளக்கிச் சொல்லியிருப்பேன். எழுந்திருக்கும்போது, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா அண்ணன் தம்பி முகத்துல முழிக்க மாட்டாங்க, அத்தையும் மாமாவும் தெருவுல நிப்பாங்க. ஆனா இனிமே பாப்பா இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது" என்றாள். அந்த வாரமே கிடைத்த வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, கிழக்கு ஜன்னலும் இல்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டுமாம்.

சாமான் கட்டியது நான். அவள் ஷிப்டில் இருந்தாள், வேறு யாருக்கும் இங்கே கட்டத் தெரியாது. கண்ணாடிச் சாமான்களைப் பழைய துணியில் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரு கரண்டிகூட ஆடாமல் கட்டினேன். குக்கர் போனது, வெயிட் இங்கே நின்றது. மிக்ஸி ஜார் போனது, மூடி நின்றது. பிளாஸ்க் போனது, அதன் தக்கை நின்றது. பீரோ போனது, சாவி நின்றது. அவள் எடுத்துப்போனதெல்லாம் முக்கால் சாமான்கள். கால் கால் பங்கை அந்த மேல் தட்டில், துடைத்து, வரிசையாக வைத்திருக்கிறேன். சாமான் கட்டுவதில் நான் தப்புச் செய்ய மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வாங்கிப்போக வருவாள் என்று நினைத்தேன். வந்தால் ஒரு டீ குடிக்காமலா போவாள்?

அவள் வரவில்லை. வெயிட்டைப் புதிதாக வாங்கிவிட்டாளாம். மிக்ஸி ஜாரைத் தட்டைப் போட்டு மூடி, கையால் அழுத்திக்கொண்டு அரைக்கிறாள் என்று கொழுந்தனார் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, பழகின கை பழகின கைதான். பிளாஸ்க்கில் வெங்காயத்தைப் போட்டுவைத்திருக்கிறாளாம். பீரோவுக்கு மட்டும் வழியில்லை. அவளுடைய நர்ஸ் சான்றிதழ்கள் அதற்குள் மாட்டிக்கொண்டுவிட்டன, சீக்கிரமே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமாம். பூட்டை உடைத்தால் பீரோ போச்சு. அதனால்தான் உங்களை அனுப்பியிருக்கிறாள்.

மூடியையும் தக்கையையும் வெயிட்டையும் எடுத்துப்போங்கள் அண்ணி, பையைப் பிரித்துத் தருகிறேன். சாவியைக் கொடுக்க மாட்டேன். கோபம் இல்லை. சாவி கை மாறிக் கை மாறிப் போகக்கூடாது, நாளைக்கு ஒன்று குறைந்தால் பேச்சு வரும். அவளே வந்து வாங்கிக்கொள்வதுதான் முறை. பாப்பாவைக் கூட்டி வர வேண்டாம், தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போகட்டும்.

அதற்காக நான் அவள் வருவாளா வருவாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அவள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் நான் வாசற்கதவைத் தாழிடாமல் வைத்திருப்பது, சும்மா சும்மா திறந்து மூடினால் தாழ்ப்பாள் தேய்ந்துவிடும் என்பதற்காகத்தான்.